வெளிச்சம் பத்தாத தேன்சிட்டுக் கூடு

சேலத்துக் கல்லூரி ஒன்றில் பறவைப் படப் போட்டி நடந்தது. ஓய்வு பெற்றவன், வீட்டில் சும்மாதான் இருப்பான் என்று என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள். சும்மா இருப்பது உண்மைதான் என்பதால் போனேன். சுவரில் மாட்டியிருந்த படங்களில் ஒரு தேன்சிட்டு போகிறவர் வருகிறவர் எல்லோரையும் நிறுத்தி வைத்தது. செம்பருத்திப் பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நிற்கிறது. கழுத்து நீலம், முதுகு ஊதா, வயிற்றில்கூட ஒரு பொட்டு இருட்டு இல்லை. இறகின் ஒவ்வொரு இழையையும் எண்ணிவிடலாம்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்தப் படத்துல ஒரு சூரியனுக்கு மேல இருக்குதே, மத்ததெல்லாம் எந்த ஊர்ச் சூரியன்?" என்று கேட்டேன்.

எடுத்தது நாமக்கல் பக்கத்துப் பெண். கோபித்துக்கொள்ளாமல் சிரித்தாள். "சூரியனே இல்லீங்க சார். நாலு பிளாஷ்," என்றாள். கைபேசியை எடுத்து வெளிநாட்டுப் படம் ஒன்றைக் காட்டினாள். அங்கே ஹம்மிங்பேர்டு என்ற குட்டிப் பறவையைச் சர்க்கரைத் தண்ணீர் வைத்து வரவழைத்து, சுற்றிலும் பிளாஷ் நிறுத்தி, பின்னால் வண்ண அட்டை வைத்து எடுக்கிறார்களாம். அதையே இவள் தன் வீட்டுப் புழக்கடையில் செய்து பார்த்திருக்கிறாள்.

நம் ஊரில் ஹம்மிங்பேர்டு கிடையாது. வாட்ஸாப்பில் அந்தப் பெயரில் வருவதெல்லாம் பெரும்பாலும் நம் தேன்சிட்டுதான். இரண்டும் பூத்தேன் குடிக்கும். உறவு அதோடு சரி. அது பறந்துகொண்டே குடிக்கும். நம்முடையது காம்பில் சாவகாசமாக உட்கார்ந்து குடிக்கும், வேறு வழியில்லாத பூவுக்கு மட்டும் அந்தரத்தில் நிற்கும்.

அந்தப் பெண்ணுக்குப் பரிசு கொடுத்தோம். உழைப்பு உழைப்புதானே. பரிசை வாங்கிக்கொண்டு அவள் இரண்டு கேள்வி கேட்டாள். "நீங்க வெறும் வெயில்லயே தேன்சிட்ட எடுத்தீங்களாமா, அதெப்படிங்க சார்? நீங்க எடுத்ததுலயே நல்ல படம் எதுங்க?" சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். முதல் கேள்விக்கு அரைகுறையாகப் பதில் சொன்னேன். இரண்டாவதற்கு மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அது உறுத்தியது. அதனால் இரண்டுக்கும் இங்கே பதில் எழுதுகிறேன்.

நான் தொழில் கற்றது ஓமலூரில் ஒரு ஸ்டுடியோவில். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ். அங்கே வெளிச்சம் என்றால் பிளாஷ்தான். மணவறையில் ஐயருக்கும் தவில்காரருக்கும் கண்ணே பூத்துப்போகும். பிறகு சேலத்தில் விவசாயிகளுக்குக் கையேடு போடும் ஓர் அலுவலகத்தின் படப்பிரிவில் வேலை கிடைத்தது. மஞ்சளில் இலைப்புள்ளி, மரவள்ளியில் மாவுப்பூச்சி, கோழிக்கு வரும் சீக்கு என்று எடுத்துத் தள்ளுவோம். படப்பிரிவு என்று பெயர் பெரிதாக இருந்தாலும் மொத்தம் இரண்டே பேர். ஒருவன் நான். மற்றவர் என் மேலதிகாரி பிச்சைமுத்து சார்.

ஆத்தூர்க்காரர். ஒல்லி, மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை. தனக்குக் கீழே இருப்பவனையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். அந்த மரியாதையே எனக்குப் பல நாள் உதைத்தது. திட்டினால்கூடப் பதில் பேசியிருக்கலாம். வெளிச்சம் அளக்கும் கருவி ஒன்று அலுவலகத்தில் இருந்தது. அதை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. கையை நீட்டி விரல்களை மடக்கிக்கொள்வார். விரல் முட்டிகளுக்கு இடையே விழும் நிழலைப் பார்ப்பார். நிழலின் ஓரம் கத்தி மாதிரி இருந்தால் கையைச் சட்டைப்பைக்குக் கொண்டுபோய்விடுவார். அன்றைக்கு அந்த வேளை வேலை இல்லை என்று அர்த்தம். ஓரம் கரைந்தாற்போல் இருந்தால் "எடுங்க" என்பார். நாள் முழுவதும் அவர் பேசுவதில் பாதி அந்த ஒரு வார்த்தையாகத்தான் இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பனமரத்துப்பட்டி ஏரிக்கரையில் ஆண் தேன்சிட்டு ஒன்றைப் பார்த்து, உச்சி வெயிலில் விழுந்தடித்து எடுத்தேன். வெயில் அதிகம் இருந்தால் படம் நன்றாக வரும் என்பது அப்போதைய என் ஞானம். ஸ்லைடு பிலிம் கழுவி வந்தபோது காம்பில் ஒரு கரிக்கட்டை உட்கார்ந்திருந்தது. சார் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "குட்டிக் காக்கான்னு போட்டுக்கலாங்களா?" என்று கேட்டார். முகத்தில் சிரிப்பே இல்லை.

விஷயம் இதுதான். ஆண் தேன்சிட்டின் நீலமும் ஊதாவும் சாயம் பூசிய நிறம் அல்ல. இறகு கறுப்பு. வெளிச்சம் சரியான சாய்வில் பட்டுத் திரும்பினால்தான் அந்த நிறம் பிறக்கும். சூரியன் உச்சியில் இருந்தாலோ பறவைக்குப் பின்னால் இருந்தாலோ அது வெறும் கறுப்புக் குருவி. ஆகவே சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். காலையில் சூரியன் ஒரு பனை உயரம் ஏறும்வரை நல்ல நேரம், சாயங்காலம் அதே அளவு. பெட்டைக்கு இது எதுவும் பொருந்தாது. அது சாம்பலும் வெளிறிய மஞ்சளுமாக இருக்கும், நேர் வெயிலில் வெளுத்துப்போகும். அதற்கு மெல்லிய மேகம் வேண்டும். ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தும் இரண்டுக்கும் ஒரே வெளிச்சம் ஒத்துவராது. இதை நான் என் மனைவியிடம் சொன்னபோது, நம்ம வீட்டுக் கதைதானே என்றாள்.

பறவையைத் துரத்தவும் கூடாது. தேன்சிட்டு பூவுக்குப் போகும் முன் வழக்கமாக உட்காரும் குச்சி ஒன்று இருக்கும். அந்தக் குச்சியைக் கண்டுபிடித்து, எந்த வேளையில் அதன்மேல் வெளிச்சம் சரியாக விழுகிறது என்று முதல் நாள் வெறுமனே பார்க்க வேண்டும். கேமராவை மறுநாள்தான் எடுத்துப்போவோம். கயிற்றுக் கட்டிலைச் சாய்த்து நிறுத்தி, மேலே சாக்கைப் போட்டால் அதுதான் எங்கள் மறைவு. பிளாஷ் எங்கள் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. ஒருமுறை ஏன் சார் என்று கேட்டேன். "வர்ற வெளிச்சம் போதும்னா எடுப்போம். போதாதுன்னா பாத்துட்டு வந்துடுவோம். பாக்கறதுக்கும் சேத்துத்தாங்க நமக்குச் சம்பளம்," என்றார்.

பயிருக்கு உதவும் பறவைகளைப் பற்றி ஒரு கையேடு போடுவதென்று முடிவானது. தேன்சிட்டுப் பக்கத்துக்கு இரண்டு படம் வேண்டும். ஒன்று ஆண், பூவில். இன்னொன்று கூட்டில் தாய் குஞ்சுக்கு இரை கொடுப்பது. முதலாவது கிடைத்துவிட்டது. இரண்டாவதற்கு அலைந்தோம். தேன்சிட்டுக் கூடு பார்க்கக் குப்பை போலவே தொங்கும். சிலந்தி நூலில் சருகும் பட்டையும் புழு எச்சமும் கோத்த பை, பக்கவாட்டில் ஒரு வாசல், அதற்கு மேலே சின்னத் தாழ்வாரம். கண்டுபிடித்த கூடுகளில் ஒன்றைக் காக்கை கலைக்கும், ஒன்று குஞ்சு பறந்தபின்தான் கண்ணில் படும். கையேடு அச்சுக்குப் போகும் நாளும் நெருங்கிவிட்டது.

அப்போதுதான் ராசிபுரத்துக்குத் தெற்கே ஒரு தோட்டத்து வீட்டில் கூடு இருப்பதாகத் தகவல் வந்தது. செங்கோடன் என்பவர் தோட்டம். கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் சோளம், ஒரு சின்னக் கோழிப்பண்ணை. வீட்டு ஜன்னலை ஒட்டி ஒரு மாதுளைச் செடி. அதன் குச்சியில் கூடு. மேலே ஒரு வேம்பு குடை பிடித்த மாதிரி கவிந்திருந்தது. கூட்டு வாசலில் இரண்டு அலகுகள் எட்டிப் பார்த்தன.

செங்கோடனின் மனைவி பாவாயி நாங்கள் உட்காரும்வரைகூடப் பொறுக்கவில்லை. "வாங்க சாமி, மோர் குடிங்க. வெயில்ல வந்திருக்கறீங்க," என்று செம்பை நீட்டினார். மகள் கலாமணி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். நிறை வயிறு. வேலை செய்யவிடாததால் அவளுக்கு அந்த ஜன்னல்தான் சினிமாக் கொட்டகை. "அம்மாக்காரிதானுங்க கட்டுனா. ஆம்பளைக் குருவி சும்மா பக்கத்துல பாட்டுப் பாடிக்கிட்டுத் திரிஞ்சுதுங்க. இப்பத்தான் அதுக்கும் பொறுப்பு வந்து தீனி கொண்டாருது," என்றாள். கூட்டில் எது எப்போது வந்து போனது என்று எல்லாம் அவளுக்கு அத்துப்படி. தன் வயிற்றுப் பிள்ளையும் அந்தக் குஞ்சுகளும் ஒரே நேரத்தில் வெளியே வரப்போவதாக ஒரு கணக்கும் வைத்திருந்தாள்.

கட்டிலை நிறுத்தி, மறைவுக்குள் உட்கார்ந்து பார்த்தோம். தாய் வருவதும் ஊட்டிவிட்டுப் போவதும் கண் இமைக்கும் நேரம். வேம்பின் நிழல் கனம். எங்கள் பிலிமோ சோம்பேறி. நிறைய வெளிச்சம் கொடுத்தால்தான் வேலை செய்யும். சார் கையை நீட்டி முட்டிகளைப் பார்த்தார். "வெளிச்சம் பத்தல," என்றார். என்னிடம்தான் சொன்னார். மெல்லிய மேகம் போடும் ஒரு காலையில், வெளிச்சம் கிழக்கிலிருந்து கிளைக்குக் கீழாக நுழையும், அதுவரை வந்து வந்து பார்ப்போம் என்பது அவர் யோசனை. அதைச் சொல்லவில்லை. அவர் எதையும் முழுதாகச் சொல்கிற ஆள் இல்லை. மோர்ச் செம்பை எடுக்க வந்த பாவாயியின் காதில் அந்த இரண்டு வார்த்தை மட்டும் விழுந்தது.

மறுநாள் காலை நாங்கள் போனபோது பாவாயி வாசலிலேயே நின்றிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "இப்பப் பாருங்க சார், பளிச்சுனு இருக்குதுங்களா?"

மாதுளைக்கு மேலே வானம் தெரிந்தது. வேப்பங்கிளை அடியோடு இல்லை. கூடு வெட்டவெளியில் தொங்கியது.

பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டு ஆண்கள் மரத்தில் அரிவாள் வைக்க மாட்டார்கள், ஆகாது என்பது வழக்கம். செங்கோடன் மாட்டேன் என்றிருக்கிறார். வீடு தேடி வந்தவர்களுக்கு வெளிச்சம் பத்தவில்லை என்றால் பாவாயிக்குப் பொறுக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கூப்பிட்டு, சாருக்கு வெளிச்சம் வேணுமாம், கொஞ்சம் கழிச்சு விடுங்க என்றிருக்கிறார். வெட்ட வந்தவர் கூட்டையே பார்த்தவர் இல்லை. சொந்த வீட்டில் என்றால் ஒரு கொத்தோடு நிறுத்தியிருப்பார். அடுத்த வீட்டில் கூப்பிட்டுச் சொன்ன வேலை, குறை வைக்கலாமா? சுத்தமாக இறக்கிவிட்டார். செங்கோடன் வெட்டியிருந்தால் அந்தக் கிளை தப்பியிருக்கும் என்று எனக்குத் தோன்றும். ஆகாது என்று பயந்துதான் அவர் விலகி நின்றார்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த நிமிஷம் சந்தோஷம்தான். இளவெயில் கூட்டின் மேல் அழகாக விழுந்திருந்தது. சார் கூட்டைப் பார்க்கவில்லை. வெட்டுப்பட்ட இடத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லாப் பளிச்சுனு இருக்கும்மா," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாக, "மத்தியானம் என்னங்க ஆகும்?" என்றார்.

மத்தியானம்வரை போகவில்லை. வெயில் ஏறியதும் குஞ்சுகளின் வாய் திறந்தது, மூடவில்லை. பசிக்குத் திறக்கும் வாய் இல்லை அது. தாய் வாயில் சிலந்தியோடு துணிக்கொடியில் உட்கார்ந்து கத்தியது. பக்கத்தில் வந்தது, திரும்பிப் போயிற்று. அடையாளம் வைத்திருந்த கிளை இல்லாமல் அதற்குத் தன் வீடே தெரியவில்லை போலிருக்கிறது. முதலில் புரிந்துகொண்டவள் ஜன்னலில் இருந்த கலாமணி.

"அம்மா, குஞ்சுக ரெண்டும் வாயத் தொறந்துக்கிட்டே கெடக்குது. அது கிட்டயே வர மாட்டீங்குது."

பாவாயி வந்து பார்த்தார். நிமிர்ந்து கிளை இருந்த இடத்தைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "அட சாமீ... என்ற புள்ள வவுறும் புள்ளையுமா இருக்கறப்ப, ஒரு தாயோட கூட்டுல நானே கொள்ளி வெச்சுப்போட்டனே," என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். கலாமணி வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். இந்தச் சகுனத்தில் எனக்கு நம்பிக்கை உண்டா இல்லையா என்பது வேறு. அந்தக் குஞ்சுகள் செத்தால் அந்த வீட்டில் பிரசவம் முடியும்வரை யாரும் நிம்மதியாகச் சோறு தின்ன மாட்டார்கள்.

செங்கோடன் பண்ணைக்கு ஓடி நனைத்த சாக்கோடு வந்தார். வெயில் காலத்தில் கோழிக்கு அப்படித்தான் கட்டுவார்கள். "கனமா இருக்குங்க. இருட்டாயிடும், தாய் வராது," என்றார் சார். எங்கள் பெட்டியில் ஒரு மல்துணி இருந்தது. வெள்ளை, மெல்லியது. இலையையும் பூச்சியையும் எடுக்கும்போது வெயிலை மட்டுப்படுத்த மேலே பிடிப்போம். அதை நான்கு மூங்கிலில் கட்டினோம். ஒரேயடியாகக் கூட்டுக்கு மேல் நிறுத்தவில்லை. முதலில் தள்ளி நட்டோம். துணியின் நிழல் மட்டும் கூட்டைத் தொட்டது. தாய் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுப் போனபின் ஓரடி நகர்த்தினோம். இப்படியே கொஞ்சம் கொஞ்சமாக. "அந்தக் கெளை எங்கங்க?" என்று சார் கேட்டார். கிளை ஆட்டுப்பட்டியில் இருந்தது, ஆடுகள் பாதியைத் தின்றிருந்தன. மீதியை ஆட்டு வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு செங்கோடன் ஓடிவர, ஒரு கிடா அவரை விடாமல் துரத்தி வந்தது. அந்த நிலையிலும் கலாமணி சிரித்துவிட்டாள். அந்தக் கொத்துகளைத் துணியின் ஓரத்தில் முன்பு தொங்கியது போலவே கட்டினோம்.

பிறகு எல்லோரும் வீட்டுக்குள் போனார்கள். நானும் சாரும் மறைவுக்குள். தாய் கொடிக்கு வந்தது. போயிற்று. மறுபடி வந்து வேப்பங்கொத்தில் உட்கார்ந்தது. அங்கிருந்து ஒரே தாவலில் கூட்டு வாசலைப் பிடித்துத் தொங்கியது. ஜன்னலுக்குள்ளிருந்து "ஊட்டறா, ஊட்டறா" என்று கலாமணியின் குரல் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு கேமராவில் பார்த்தேன். வெள்ளைத் துணி வழியாக வடிந்த அந்த வெளிச்சம் இருக்கிறதே, அப்படியொன்றை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. நிழலே இல்லை, ஆனால் எல்லாம் தெரிகிறது. தாயின் மஞ்சள், குஞ்சின் வாய்ச் சிவப்பு, சிலந்தியின் கால்கூட. விரல் பொத்தானுக்குப் போயிற்று. லென்ஸுக்கு முன்னால் சாரின் கை வந்தது.

"வேண்டாங்க."

"சார், அச்சுக்குப் போகணும். ஒண்ணே ஒண்ணு."

"இது அதுகளுக்குப் போட்ட பந்தல். எடுத்தா, படத்துக்காகப் போட்ட பந்தலாயிடும். நம்ம கையேட்டைப் பாத்துட்டு ஊரூருக்குக் கெளைய வெட்டித் துணி கட்டுவாங்க." அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அன்றுதான். முதல் நாளே அப்படிப் பேசியிருந்தால் கிளை மிஞ்சியிருக்குமே என்று வாய்வரை வந்தது.

துணியை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினோம். பஸ்ஸில் நான் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டேன். கையேட்டில் அந்த இடத்தில் ஒரு கோட்டோவியம் வந்தது. பார்த்தவர்கள் தூக்கணாங்குருவியா என்று கேட்டார்கள். சார் சொன்னதில் பாதி நியாயம் என்று இன்று நினைக்கிறேன். மீதிப் பாதிக்கு இன்னும் எனக்குச் சம்மதம் இல்லை. ஒரு படம் எடுத்திருக்கலாம்.

மழைக்காலம் தொடங்கியபின் நாமக்கல்லில் ஒரு வேலை. போகும் வழியில் சார் தானாகவே, "எறங்கிப் பாத்துட்டுப் போலாங்க," என்றார். மாதுளையில் கூடு வாய் விரிந்து காலியாகத் தொங்கியது. எங்களைக் கண்டதும் பாவாயி ஓடிவந்தார்.

"ரெண்டும் பறந்துருச்சுங்க சார். கண்ணால பாத்தமுங்க. அதுக்கப்பறம் இவளுக்கும் நல்லபடியா ஆச்சுங்க, பேத்தி." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்க துணியத் தொவச்சு மடிச்சு வெச்சிருந்தனுங்க, ஆபீசுத் துணியாச்சேன்னு. இவதான் அதுலதான் தொட்டில் கட்டோணும்னு ஒத்தக்கால்ல நின்னுட்டா."

ஜன்னலோரம் விட்டத்திலிருந்து எங்கள் மல்துணி தொங்கியது. உள்ளே குழந்தை தூங்கியது. வேப்பங்கிளை இருந்த வெளி வழியாக வெளிச்சம் அறைக்குள் தாராளமாக வந்து துணியில் இறங்கியிருந்தது. வெளியே மெல்லிய மேகம். துணிக்குப் பின்னால் குழந்தையின் முதுகு வளைவும் உதைத்து நீட்டிய ஒரு காலும் தெரிந்தன.

என் கை தோளில் கிடந்த கேமராவுக்குப் போனதைப் பாவாயி பார்த்துவிட்டார். "மொட்டை போடற வரைக்கும் புள்ளையப் படம் புடிக்கப்படாதுங்க சாமி, கண்ணு பட்டுரும்."

"மொகம் தெரியாம எடுக்கட்டும்மா. துணியோட," என்றாள் கலாமணி.

நான் சாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தொட்டிலுக்குப் பக்கத்தில் போய்க் கையை நீட்டினார். விரல்களை மடக்கி முட்டிகளைப் பார்த்தார். வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டார்.

"வெளிச்சம் பத்தும்," என்றார். "எடுங்க."